மார்க்கெட்டிங் ஹெட் திடீர்னு விலகினால்? தொழிற்சாலைக்கு வரும் ‘ஆறு மாத’ சிஎம்ஓ யார், எப்போது தேவை, எங்கே சறுக்கும்?

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 140 பேர் வேலை பார்க்கிறார்கள். ஏப்ரல் மாதம், கோடை விற்பனை உச்சத்தில் இருக்கும் நேரம். பதினோரு வருஷமாக மார்க்கெட்டிங்கைக் கவனித்து வந்த பொது மேலாளர் ராஜினாமா கடிதத்தை நீட்டுகிறார். நோட்டீஸ் காலம் 90 நாள். எடுக்காமல் வைத்திருந்த லீவைக் கழித்தால் கையில் 60 நாள்கூட இல்லை.

ஜூலையில் கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி. ஸ்டாலுக்கு முன்பணம் கட்டியாச்சு. புது சோலார் பம்புக்கான கேட்டலாக் பாதியில் நிற்கிறது. எந்த டீலருக்கு என்ன ஸ்கீம் சொன்னோம், யாருக்கு எவ்வளவு கிரெடிட் நோட் தர வேண்டியிருக்கு? எல்லாமே அவருடைய போனில், அவருடைய வாட்ஸ்அப்பில்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் தொழில் நடத்துகிறவர்கள் படித்ததும் ‘அட, நம்ம கதை’ என்பார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் முதலாளிகள் வழக்கமாகச் செய்வது மூன்று. மகனையோ மச்சானையோ அந்த நாற்காலியில் உட்கார வைப்பது. இல்லாவிட்டால் சேல்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டு, “இதையும் சேர்த்து நீங்களே பார்த்துக்குங்க” என்பது. அதுவும் இல்லையென்றால் ஒரு விளம்பர ஏஜென்சியிடம் மொத்தமாக விட்டுவிடுவது.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு மூத்த மார்க்கெட்டிங் ஆளைக் குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மட்டும் கொண்டு வருவது. ‘இன்டரிம் சிஎம்ஓ’ என்று இவரைச் சொல்கிறார்கள். தமிழில் இடைக்கால மார்க்கெட்டிங் தலைவர் எனலாம்.

யார் இவர்? கன்சல்டன்ட் இல்லையா?

இல்லை. கன்சல்டன்ட் வந்து பார்ப்பார், அறிக்கை தருவார், போய்விடுவார். அதைச் செய்வதும் செய்யாததும் உங்கள் பாடு. இடைக்காலத் தலைவர் நாற்காலியிலேயே உட்காருகிறார். டீம் அவருக்குக் கீழே வேலை செய்யும். விலைப்பட்டியலில் கை வைப்பார், ஏஜென்சியின் பில்லைச் சரிபார்ப்பார், டீலர் கூட்டத்தில் மைக் பிடிப்பார். ஆறு மாதமோ ஒன்பது மாதமோ, தேதி வந்ததும் கிளம்பிவிடுவார்.

இதிலேயே ‘பிராக்ஷனல் சிஎம்ஓ’ என்று இன்னொரு வகை உண்டு. இவர் முழுநேரம் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் வருவார். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு நிறுவனங்களைப் பார்ப்பார். நாற்காலி காலியாகி அவசரம் என்றால் முதல் வகை. மூத்த ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் இன்னும் வளரவில்லை, ஆனால் வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும் என்றால் இரண்டாவது வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிக்கல். வாரம் இரண்டு நாள் வருகிறவரிடம் தினமும் இரவு ஒன்பது மணிக்கு டீலர் பிரச்னையைச் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது மாதம் அவரும் ஓடிவிடுவார்.

இந்தப் பழக்கம் 1970-களில் நெதர்லாந்தில் தொடங்கியது. நிரந்தர ஊழியரை எடுப்பதும் விடுவிப்பதும் சட்டப்படி கடினமாக இருந்ததால், குறிப்பிட்ட காலத்துக்கு மூத்த நிர்வாகியை அமர்த்தும் முறை அங்கே வேரூன்றி, பிறகு பிரிட்டன், ஜெர்மனி என்று பரவியது.

ஏன் ‘ஆறு மாதம்’?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நல்ல மார்க்கெட்டிங் தலைவரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதமாவது ஆகும். அவர் சம்மதித்தாலும் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ் முடித்துத்தான் வர முடியும். வந்தபிறகு வேலையை வாங்கிக்கொள்ள ஒரு மாதம். ஆக ஆறு மாதம் அந்த நாற்காலி காலிதான். பம்ப் தொழிலில் ஆறு மாதம் என்பது ஒரு முழு சீசன்.

அவசரத்தில் கிடைத்த ஆளை நிரந்தரமாகப் போட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்துத் தலையில் கை வைப்பதைவிட, இடைக்காலத்துக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடுவது மலிவு. பெரும்பாலான கம்பெனிகளுக்கு இதுதான் முதல் காரணம்.

ராஜினாமா மட்டும்தான் காரணமா?

இல்லை. மகப்பேறு விடுப்பு இன்னொன்று. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது சட்டம். மார்க்கெட்டிங் தலைவர் பெண்ணாக இருந்து அவர் விடுப்பில் போகிறார் என்றால், அது தேதி தெரிந்த காலியிடம். மூன்று மாதம் முன்னாடியே திட்டமிடலாம். விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி அவரை வேலையை விட்டு நீக்கவோ, பாதகமாக மாற்றவோ கூடாது.

இங்கே வருகிற ஆளின் வேலை எல்லை வேறு. சக்கரத்தை ஓட்ட வேண்டும். வண்டியை மாற்றக் கூடாது. டீலர்களைக் கலைத்து அடுக்குவது, ஏஜென்சியை மாற்றுவது, பிராண்டின் நிறத்தை மாற்றுவது எல்லாம் விடுப்பில் இருப்பவர் திரும்பி வந்து முடிவு செய்ய வேண்டியவை. ‘வந்தவர் நல்லா பண்றாரே, இவரையே வச்சுக்கலாமே’ என்ற பேச்சு கேபினில் எழும். எழும்போதே அமர்த்திவிடுவது நல்லது. சட்டச் சிக்கல் ஒருபக்கம். மற்ற பெண் ஊழியர்கள் எல்லாரும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம்.

மூன்றாவது காரணம் சந்தையே தலைகீழாவது. 2025 ஆகஸ்டில் திருப்பூருக்கு நடந்தது அதுதான். இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா முதலில் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அந்த விகிதம் எத்தனை நாள் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாத நிலை. ஆனால் ஆர்டர் புத்தகத்தில் பெரும்பகுதி அமெரிக்க பையர்களாக இருந்த கம்பெனிக்கு அன்றைக்கே வேறு நாடு தேட வேண்டிய கட்டாயம்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2025 ஜூலை 24-ல், இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. கதவு ஒன்று திறக்கப் போகிறது என்று தெரியும். ஆனால் பிரிட்டனில் யாரிடம் போய் நிற்பது? என்ன சான்றிதழ் கேட்பார்கள்? எவ்வளவு சின்ன ஆர்டரை எடுக்கலாம்? இருபது வருஷம் நாலு அமெரிக்க பையருக்கு மட்டுமே தைத்துக் கொடுத்த கம்பெனியில் இதற்குப் பதில் தெரிந்தவர் இருக்க மாட்டார். மெர்ச்சண்டைசர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் வந்த ஆர்டரை முடித்துக் கொடுப்பவர்கள், புது வாசலைத் தட்டுகிறவர்கள் இல்லை. ஐரோப்பிய பையர்களைப் பல வருஷம் கையாண்ட ஒருவரை எட்டு மாதத்துக்குக் கொண்டு வருவதில் இங்கே அர்த்தம் இருக்கிறது.

தொழிற்சாலை மார்க்கெட்டிங்கில் அப்படி என்ன தனி?

இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

மார்க்கெட்டிங் என்றதும் நமக்கு விளம்பரம், இன்ஸ்டாகிராம், நடிகர் படம் போட்ட பேனர் ஞாபகம் வருகிறது. ஒரு விவசாயி பம்ப் வாங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். போர்வெல் போட்டாச்சு, தண்ணி எத்தனை அடியில் இருக்கு என்று தெரிஞ்சாச்சு. அவர் யாரிடம் கேட்பார்? ஊரில் இருக்கும் மெக்கானிக்கிடம். மோட்டார் எரிந்தால் கொண்டுபோகும் ரீவைண்டிங் கடைக்காரரிடம். “இந்த கம்பெனி மோட்டாருக்கு ஸ்பேர் கிடைக்குமுங்க, அதையே போடுங்க” என்று அவர் சொல்லும் ஒரு வரி, நெடுஞ்சாலையில் நிற்கும் பத்து ஹோர்டிங்குக்குச் சமம்.

ஆக பம்ப் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவர் ரீவைண்டிங் கடைக்காரரிடம் உட்கார்ந்து டீ குடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சோப்பு, ஷாம்பூ கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர் என்பதற்காகவோ, ஆப் கம்பெனியில் கலக்கினவர் என்பதற்காகவோ அழைத்து வந்தால், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்வார். ஆறு மாதத்தில் அழகான வீடியோக்கள் மிஞ்சும். டீலர் பாக்கி அப்படியே இருக்கும்.

கரூரில் கணக்கு வேறு. அங்கே வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. அவர்களுடைய காலண்டர் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியைச் சுற்றி ஓடுகிறது. ஸ்டாலில் தொங்கும் துணியைத் தீர்மானிப்பது அதற்கு மாதக்கணக்கு முன்னாடி. நவம்பரில் ஒருவரைக் கொண்டு வந்து ‘ஜனவரி கண்காட்சியைக் கலக்கிடுங்க’ என்றால் அவரால் ஸ்டாலுக்குப் பூ வைக்கத்தான் முடியும்.

அம்பத்தூரிலோ ஓசூரிலோ மூன்று பெரிய வாகனக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறவரா நீங்கள்? வெளிப்படையாகச் சொன்னால் உங்களுக்கு இடைக்கால சிஎம்ஓ தேவையே இல்லாமல் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது தர ஆடிட், டெலிவரி, விலைப்புள்ளி. உங்களுக்குத் தேவை பெரிய வாடிக்கையாளர் கணக்குகளைக் கையாளும் ஒரு நல்ல மேலாளர். அதற்கு இந்தப் பெரிய பெயர் வேண்டாம்.

முதல் மாதம் என்ன செய்வார்?

நல்ல ஆள் என்றால் முதல் மாதம் விளம்பரம் பக்கமே போக மாட்டார். அக்கவுண்ட்ஸ் அறையில் உட்காருவார். டேலியிலிருந்து இரண்டு வருஷ பில்களை எடுத்து, எந்த மாடல் எந்த மாவட்டத்தில் போகிறது, யார் வாங்குகிறார்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்று பிரிப்பார். பிறகு டீலர்களுக்கு வரிசையாகப் போன் போடுவார். சேல்ஸ் பையனுடன் பைக்கில் ஏறி நாலு நாள் சுற்றுவார். சர்வீஸ் புகார் நோட்டை வாங்கிப் படிப்பார். அந்த நோட்டில் இருக்கும் மார்க்கெட்டிங் விஷயம் எந்த பிரசன்டேஷனிலும் இருக்காது.

இந்த வேலையில் வெளிவரும் விஷயங்கள் முதலாளிக்கே அதிர்ச்சியாக இருப்பது உண்டு. ‘நம்ம நம்பர் ஒன் டீலர்’ என்று மாலை போட்டவர், ஸ்கீம், கிரெடிட் நோட், 120 நாள் கடன் எல்லாம் கழித்தால் லாபமே தராதவராக இருப்பார்.

ஸ்கீம் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. டீலருக்கு ஒரு பம்பை 10,000 ரூபாய்க்குத் தருகிறீர்கள். உங்கள் செலவு 8,500. கையில் நிற்பது 1,500. மாதம் 100 பம்ப் போனால் 1.5 லட்சம். ‘போட்டியாளர் குறைச்சுட்டான், 5 சதவீதம் கூடுதலா குடுத்துடலாம்’ என்று முடிவாகிறது. 5 சதவீதம்தானே? ஒரு பம்புக்கு 500 ரூபாய். இப்போது கையில் நிற்பது 1,000. அதே 1.5 லட்சம் வேண்டுமென்றால் 150 பம்ப் விற்க வேண்டும். விற்பனை ஒன்றரை மடங்கானால்தான் பழைய இடத்திலேயே நிற்கலாம்!

இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இருபது வருஷம் கூடவே இருக்கிற சேல்ஸ் மேனேஜர் சொல்ல மாட்டார், அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. அடுத்த பதவி உயர்வை எதிர்பார்க்காத, ஆறு மாதத்தில் கிளம்பப் போகிற ஒருவரால் இதைச் சொல்ல முடியும். இடைக்கால ஆளின் மிகப்பெரிய பலம் இதுதான்.

அப்போ எங்கே சறுக்குகிறது?

முதலாளியின் போனில்.

புதிதாக வந்தவர் டீலரிடம் “இந்த மாசம் ஸ்கீம் கிடையாதுங்க” என்று சொல்லிவிட்டு வருகிறார். அரை மணி நேரத்தில் அந்த டீலர் முதலாளியைக் கூப்பிடுவார். “ஏனுங்க மொதலாளி, புதுசா வந்த சார் ஸ்கீம் இல்லீங்கறாருங்க. நம்ம பழக்கம் இருபது வருசமுங்க...” முதலாளி ஒரு நிமிஷம் யோசித்து, “சரி, இந்த ஒரு தடவை போட்டுக்குங்க” என்கிறார்.

அவ்வளவுதான். அந்தச் செய்தி அன்று சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சி, தாராபுரம், ஈரோடு எல்லா டீலருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். மறுநாளிலிருந்து வந்தவர் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை. மாதாமாதம் அவருக்குக் கொடுக்கும் பணம் சும்மா.

அதனால் ஆள் எடுப்பதற்கு முன்னால் முதலாளி தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: எதை விட்டுக்கொடுக்கத் தயார்? எத்தனை ரூபாய் வரை தள்ளுபடி அவர் கையில், எவ்வளவு விளம்பரச் செலவுக்கு அவர் கையெழுத்து போதும், எந்த டீலரை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு, எதில் கட்டாயம் உங்களிடம் வர வேண்டும்? இதை ஒரே பக்கத்தில் எழுதி, டீம் எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்துவிட வேண்டும். டீலர் நேரடியாகக் கூப்பிட்டால் “அவர்கிட்டயே பேசிக்குங்க” என்று சொல்லும் மனத்தெம்பு இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்குள் போகாமல் இருப்பதே மேல்.

இன்னொரு சறுக்கல் உள்ளே. மார்க்கெட்டிங்கில் ஏழு, எட்டு வருஷமாக இருக்கும் ஒரு இளைஞர், ‘அடுத்து நாமதான்’ என்று எதிர்பார்த்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியாளைக் கொண்டு வந்து உட்கார வைத்தால், அவரும் ரெஸ்யூமே அனுப்ப ஆரம்பித்துவிடுவார். ஆறு மாதத்தில் அவரைத் தயார் செய்வதையே வந்தவரின் வேலைகளில் ஒன்றாக எழுதிவைக்கலாம். நிரந்தரத் தலைவரை வெளியே தேட வேண்டிய அவசியம்கூட அப்போது இல்லாமல் போகலாம்.

பணம் எப்படிக் கொடுப்பது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அவரைக் குறித்த கால ஊழியராக எடுப்பது. அப்படியானால் அவர் உங்கள் ஊழியர். சம்பளப் பட்டியலில் வருவார். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஊழியருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு. முன்பு போல ஐந்து வருஷம் தேவையில்லை.

இரண்டாவது, தொழில்முறைச் சேவையாக ஒப்பந்தம் போடுவது. இடைக்கால ஆட்களுக்கு இதுதான் பழகிய வழி. அவர் பில் போடுவார். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் சேரும். உங்கள் உற்பத்திக்கும் ஜிஎஸ்டி உண்டு என்றால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. வந்தவர் தன்னுடைய சேவையை உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிவு செய்திருக்கலாம். செய்திருந்தால், பெரிய வாடிக்கையாளர்கள் உங்களிடம் இழுத்தடிக்கும்போது நீங்கள் எடுத்துக்காட்டும் அதே 45 நாள் விதி இப்போது உங்களைப் பிடிக்கும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டி மட்டுமல்ல, பணத்தைக் கொடுத்த வருஷத்தில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். ‘நம்ம ஆள்தானே, அடுத்த மாசம் குடுத்துக்கலாம்’ என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

தினக்கட்டணமாகப் பார்த்தால் நிரந்தர ஊழியரைவிட இவருக்கு அதிகம்தான். பிஎஃப் கிடையாது, போனஸ் கிடையாது, இந்த வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டும், அதையெல்லாம் சேர்த்துத்தான் அவர் விலை சொல்வார்.

‘விற்பனையில் இத்தனை சதவீதம் உங்களுக்கு’ என்று பேசலாமா? நம் ஊரில் முதலில் தோன்றும் யோசனை இது. யோசித்துச் செய்யுங்கள். ஆறு மாதத்தில் போகப் போகிற ஒருவருக்கு விற்பனையின் மேல் கமிஷன் வைத்தால், மார்ச் கடைசி வாரத்தில் டீலர் குடோன்களில் சரக்கு மலையாக ஏறும். கணக்கில் விற்பனை. ஜூனில் பாதி சரக்கு திரும்பி வரும், மீதிக்குப் பணம் வராது. அவர் ஏப்ரலிலேயே கிளம்பியிருப்பார். ஊக்கத்தொகை வைத்தே ஆக வேண்டும் என்றால், வசூலான பணத்தின் மேல் வையுங்கள். அல்லது முடித்துக் கொடுக்கும் வேலையின் மேல்.

போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டால்?

எல்லா முதலாளிக்கும் இருக்கும் பயம் இது. ‘இரண்டு வருஷத்துக்கு எந்த பம்ப் கம்பெனியிலும் வேலை செய்யக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலை முடிந்த பிறகு அவர் எங்கே போகிறார் என்பதை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது.

முடிவது இரண்டு. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் போட்டியாளரிடம் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும். வாரம் இரண்டு நாள் வருகிற பிராக்ஷனல் ஆள் மீதி மூன்று நாளில் யாரிடம் போகிறார் என்பதை இதில்தான் எழுத வேண்டும். இரண்டாவது, ரகசியக் காப்பு. விலைக் கணக்கு, டீலர் வாரியான தள்ளுபடி, வரப்போகும் மாடல்கள் என்று எது ரகசியம் என்பதைப் பட்டியலிட்டு, வேலை முடிந்த பிறகும் வெளியே சொல்லக் கூடாது என்று எழுதலாம். ‘எல்லா தகவலும் ரகசியம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, பெயர் சொல்லி எழுதினால் பின்னால் நிற்கும்.

பதிப்புரிமையில் இன்னொரு பொறி இருக்கிறது. நிரந்தர ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் கேட்டலாக், வடிவமைக்கும் லோகோ ஆகியவற்றின் உரிமை கம்பெனிக்கு. ஆனால் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவர் எழுதினால், பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி முதல் உரிமையாளர் அவர்தான், எழுத்து மூலமாக உங்களுக்கு மாற்றித் தராதவரை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும் மட்டும் விதி வேறு. அவை பொதுவாகக் கொடுத்தவருக்கே சொந்தம். மாற்றித் தரும் பத்திரத்திலும் எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பங்களாதேஷுக்கும் கென்யாவுக்கும் பம்ப் அனுப்புகிறவருக்கு இந்த ஒரு வரி முக்கியம்.

கடைசி மாதம் என்ன நடக்க வேண்டும்?

ஆரம்பத்தில் சொன்ன பம்ப் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். அங்கே பிரச்னை பொது மேலாளர் போனதல்ல. அவருடன் சேர்ந்து டீலர் நம்பரும், கொடுத்த வாக்குறுதிகளும், ஸ்கீமின் கணக்கும் போனதுதான். இடைக்கால ஆளும் அதே மாதிரி எல்லாவற்றையும் தன் போனில் வைத்துக்கொண்டு கிளம்பினால், ஆறு மாதச் செலவில் அதே பள்ளத்தில் மறுபடி விழுகிறீர்கள்.

ஆகவே முதல் நாளே கம்பெனி பெயரில் வாங்கிய சிம்மையும் போனையும் அவரிடம் கொடுங்கள். டீலர்களுடன் பேசுவது அந்த எண்ணில்தான். இணையதளத்தின் டொமைன், கூகுள் பிசினஸ் பக்கம், ஆன்லைன் வணிகத் தளங்களின் லாகின் எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் தன் சொந்த மெயிலில் தொடங்கிக் கொடுத்த பக்கங்கள் இருந்தால், இந்த ஆறு மாதத்தில் அவற்றை உங்கள் பெயருக்கு மாற்றுவதே அவர் செய்யும் நல்ல வேலைகளில் ஒன்றாக இருக்கும்.

கடைசி முப்பது நாளில் புது வேலை எதையும் ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். டீலர் வாரியாக என்ன பேசியிருக்கிறோம், யாருடைய புகார் தீரவில்லை, அடுத்த வருஷக் கண்காட்சிகளுக்கு எந்தத் தேதியில் முன்பணம் கட்ட வேண்டும், விலைப்பட்டியலை எந்தக் கணக்கில் போட்டோம், எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்பதையெல்லாம் எழுதி, அடுத்து வருகிறவருடன் முடிந்தால் இரண்டு வாரமாவது சேர்ந்து உட்கார வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை இந்த ஒப்படைப்புடன் இணைத்து ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ‘இன்னொரு ஆறு மாசம் நானே இருக்கேனே’ என்று அவர் கேட்டால், முதல் ஆறு மாதத்தில் முடியாதது எது, ஏன் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

ஆளை எப்படிச் சோதிப்பது?

முன்பு வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கம். அவர் நல்லவிதமாகத்தான் சொல்வார். அதைவிட, அந்தக் கம்பெனியின் டீலர்கள் இரண்டு பேரிடமும் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவரிடமும் பேச அனுமதி கேளுங்கள். டீலரிடம், “அவர் எத்தனை தடவை உங்க கடைக்கு வந்தாருங்க?” அக்கவுண்ட்ஸில், “அவர் போன பிறகு வந்த மூணு மாசத்தில் சரக்கு எவ்வளவு திரும்பி வந்துச்சு?”